பால் பீச்சும் நேரத்துக்குள் உலகம் சுற்றுவது எப்படி?

இந்த வழிகாட்டி யாருக்கு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாலைந்து ஏக்கர் பண்ணையம், கறவையில் இரண்டு மாடு, பள்ளிக்கூடம் போகும் பிள்ளை, கணக்கில் கெட்டியான வீட்டுக்காரி, திண்ணையில் உட்கார்ந்தபடியே தோட்டத்தின் நாலு மூலையையும் பார்க்கிற அப்பா, இத்தனைக்கும் மேல் கட்டுத்தறிக்குப் பக்கத்தில் ஒரு புல்லட். இந்த ஆறும் இருப்பவர்கள் மட்டும் படித்தால் போதும். மாடு இல்லாதவர்கள் தாராளமாக அடுத்த பக்கத்துக்குப் போகலாம். உங்களுக்கெல்லாம் வழிகாட்டி எதற்கு? சாவியைப் போட்டு உதைத்தால் போயிற்று.

என் தகுதியையும் சொல்லிவிடுகிறேன். கோபிக்கும் சத்திக்கும் இடையில் தோட்டம். பாதிக்குக் கீழ்பவானி வாய்க்கால் தண்ணீர், பாதிக்கு எண்ணூறு அடி போர். பதினான்கு வருடமாகப் புல்லட் ஓட்டுகிறேன். அதற்கு முன்பிருந்தே பால் பீச்சுகிறேன். இரண்டு வேலையிலும் கீழே விழுந்திருக்கிறேன். மாடு உதைத்து விழுந்தபோதுதான் கட்டுப் போட வேண்டி வந்தது.

கயிற்றின் நீளம்

முதல் வேலையாக, பிள்ளையின் ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்து காம்பஸை எடுத்துக்கொள்ளுங்கள். கேட்காமல் எடுப்பது நல்லது. தமிழ்நாட்டு வரைபடத்தில் உங்கள் கட்டுத்தறி இருக்கும் இடத்தில் முள்ளைக் குத்துங்கள்.

இனி கணக்கு. காலை ஐந்து மணிக்குப் பால் பீச்ச உட்கார்ந்தால் ஆறுக்குள் எழுந்துவிடலாம். கேனைத் திண்ணையில் வைத்துவிட்டால் வீட்டுக்காரி எக்ஸெல் மொபெட்டில் பால் சொசைட்டிக்குக் கொண்டுபோய்விடுவாள். மறுபடி மடியில் பால் கட்டி மாடு கத்தத் தொடங்குவது பிற்பகல் மூன்றரைக்கு. மூன்று மணிக்கு நீங்கள் வாசலில் நிற்க வேண்டும். ஆக ஒன்பது மணி நேரம். அதில் இட்லிக்கு, டீக்கு, மலையைப் பின்னால் வைத்து வண்டியை போட்டோ எடுப்பதற்கு, பங்சருக்கு, ரோட்டில் யானை நின்றால் அதற்கு என்று இரண்டு மணி நேரம் கழித்துவிடுங்கள். மிச்சம் ஏழு. மலைப்பாதை, ஊர்ப்பாதை எல்லாம் கலந்து மணிக்கு நாற்பது கிலோமீட்டர் என்று வைத்தால், போக நூற்று நாற்பது, வர நூற்று நாற்பது. இப்போது வட்டத்தைப் போடுங்கள்.

அந்த வட்டம்தான் உங்கள் உலகம். என்னுடைய வட்டத்துக்குள் 27 கொண்டை ஊசி வளைவுகளோடு திம்பம் வசதியாக உட்கார்ந்திருக்கிறது. 20 வளைவு ஏற்காடும் உள்ளே. ஊட்டியும் உள்ளே. 40 வளைவு வால்பாறை வெளியே போய்விட்டது. 70 வளைவு கொல்லிமலை இருக்கிறதே, அது சரியாகக் கோட்டின் மேல் ஒரு காலும் வெளியே ஒரு காலுமாக நிற்கிறது. மூன்று முறை முயன்றிருக்கிறேன். அதிகபட்சம் நாற்பதாவது வளைவு வரை ஏறி, மணியைப் பார்த்து, வண்டியைத் திருப்பியிருக்கிறேன். மிச்சம் முப்பது வளைவு மாட்டுக்குச் சேர வேண்டியது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். வாஸ்கோ ட காமா 1498இல் கோழிக்கோட்டுக்கு வந்து சேர்ந்தார் என்று பிள்ளைக்குப் பாடம் இருக்கிறது. வீட்டில் இரண்டு கறவை இருந்திருந்தால் லிஸ்பன் துறைமுகத்துக்கு வெளியே எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பியிருப்பார்.

‘ஒருநாள் வேறு யாரையாவது பீச்சச் சொன்னால் என்ன?’ என்று பட்டணத்து நண்பர்கள் கேட்பார்கள். கேட்கட்டும். தெரியாத கை பட்டால் மாடு பாலை ஏற்றிக்கொள்ளும். மடியைத் தொட்டுத் தடவி, சுரப்பு விட்ட சில நிமிடத்துக்குள் பீச்சி முடித்தாக வேண்டும்; நேரம் போனால் பால் மேலே போய்விடும். நாலு நாள் அரையும் குறையுமாகப் பீச்சினால் மடிநோய். அப்புறம் மருந்துச் செலவு புல்லட்டின் சர்வீஸ் செலவைத் தாண்டும். மகசூல், மழை, கூலியாள், கடன் எதையும் ஒருநாள் தள்ளிப் போடலாம். பேங்க் மேனேஜர்கூட அடுத்த வாரம் வாங்க என்கிறார். மடி மட்டும் வாய்தா கொடுக்காது.

காரணம் சொல்லும் கலை

வட்டம் போட்டாயிற்று. அடுத்து, வீட்டில் சொல்ல ஒரு காரணம் வேண்டும். ‘சும்மா ஒரு ரவுண்டு’ என்று உண்மையைச் சொன்னவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் இப்போது வண்டியை விற்றுவிட்டார்கள்.

நல்ல காரணத்துக்கு மூன்று இலக்கணம். வாங்கப்போகும் பொருள் சட்டைப்பையில் அடங்க வேண்டும். உள்ளூர்க் கடையில் இருக்கக் கூடாது. போகிற ஊரிலும் கிடைக்காமல் போக வாய்ப்பிருக்க வேண்டும். மூன்றாவதுதான் முக்கியம். வெறுங்கையோடு திரும்பி, ‘ஸ்டாக் இல்லையாம், அடுத்த வாரம் வரச் சொன்னாங்க’ என்று சொன்னால் அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் கைக்குள் வந்துவிடும். இந்த வகையில் ‘மோட்டாருக்கு பெல்ட்’ என்பதைவிடச் சிறந்த காரணத்தை நான் இதுவரை கண்டதில்லை. எந்த சைஸ் என்று வீட்டில் யாரும் கேட்க மாட்டார்கள். போன வருடம் மட்டும் அதை ஆறு தடவை பயன்படுத்தினேன்.

அடுத்த இடம் மண் பரிசோதனைக்கு. வயலில் பத்துப் பதினைந்து இடத்தில் அரையடி ஆழத்துக்கு ஆங்கில ‘வி’ எழுத்துபோலக் குழி வெட்டி, ஓரத்து மண்ணைச் சுரண்டி, நிழலில் உலர்த்தி, நான்காகப் பங்கிட்டு எதிரெதிர்ப் பங்கைத் தள்ளித் தள்ளி அரைக் கிலோவாக்கி, துணிப்பையில் கட்டினால் மாதிரி தயார். அதை எடுத்துக்கொண்டு கோவையில் வேளாண் பல்கலைக்கழகம் வரை போய் வரலாம். பவானிசாகரிலேயே வேளாண் ஆராய்ச்சி நிலையம் இருப்பதைப் பற்றி வீட்டில் வாய் திறக்க வேண்டாம். என் ரத்தத்தை இரண்டு முறைதான் பரிசோதித்திருக்கிறேன். என் மண்ணை எத்தனை முறை என்பது எனக்கே மறந்துவிட்டது. தழைச்சத்து குறைவு என்று ஒவ்வொரு முறையும் ஒரே பதில்தான் வருகிறது.

புளியம்பட்டிச் சந்தை வியாழக்கிழமை. இது எல்லோரும் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன காரணம், அவசரத்துக்கு மட்டும். ஒரம்பரை வீட்டு விசேஷங்கள் வேறு கதை. பெண்டு பிள்ளைகளைக் காரில் ஏற்றிவிட்டு, ‘நான் தண்ணி கட்டிட்டுப் பின்னாலயே வந்தர்றேன்’ என்று சொல்லிப் பின்தங்க வேண்டும். பொள்ளாச்சிப் பக்கம் கல்யாணம் என்றால் அதிர்ஷ்டம். ஒரே சிக்கல், பந்திக்குப் போகும்போது வெள்ளை வேட்டியில் சங்கிலிக் கறை இருக்கும்.

சத்தமில்லாமல் கிளம்புவது

கிளம்பும்போது அப்பா விழித்திருக்கக் கூடாது. தடுப்பார் என்று நினைக்கிறீர்களா? தடுக்கிற அப்பாவைச் சமாளித்துவிடலாம். என் அப்பா தடுக்க மாட்டார்.

“கண்ணு, போறதுதான் போற, அப்படியே வர்றப்ப ரெண்டு மூட்டை யூரியா.”

அவ்வளவுதான். பயணம் முடிந்தது. யூரியா மூட்டை 50 கிலோவாக இருந்ததை 2018இல் 45 ஆக்கினார்கள். எதற்கென்று அரசாங்கம் ஏதோ காரணம் சொன்னது. புல்லட்காரன் இடுப்புக்காக என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். மூட்டை ஏறிவிட்டால் திம்பமாவது, வளைவாவது? டீக்கடையில் நிறுத்தினால்கூட ‘உரம் அங்க எப்புடி வெலைங்க?’ என்றுதான் கேட்பார்கள். எந்த ஊர்க்காரன், எவ்வளவு தூரம் ஓட்டி வந்தான் என்று ஒருத்தர் கேட்பதில்லை.

ஆகவே சத்தம் கூடாது. என்னுடையது பழைய வார்ப்பிரும்பு இஞ்சின். கியர் வலப்பக்கம், உதைப்பதற்குக் கால் மட்டுமே கதி. வாசலிலேயே உதைத்தால் மூன்று தோட்டம் எழுந்துவிடும். பால் பீச்சி முடித்து, கையைக் கழுவி, நியூட்ரலில் வைத்து, இட்டேரி வரை தள்ளிக்கொண்டு போக வேண்டும். கனத்துக்குக் குறைவில்லை. நாய் வாலாட்டிக்கொண்டு கூடவே வரும். பின்னால் கட்டுத்தறியில் வீட்டுக்காரி அரிவாளால் சோளத்தட்டை நறுக்கும் சத்தம் சரக் சரக் என்று கேட்டுக்கொண்டிருக்கும். அது நிற்காதவரை உங்களுக்கு ஆபத்தில்லை.

இட்டேரி வேலியோரம் வந்ததும் சாவியைப் போடுங்கள். ஹெட்லைட்டுக்கு மேல் சின்னதாக ஆம்மீட்டர் இருக்கும். கிக்கரை மெல்ல மிதித்து இறக்கினால் ஊசி இடப்பக்கம் சாயும். இன்னும் மிதித்தால் ஒரு இடத்தில் சட்டென்று நடுவுக்கு வந்து நிற்கும். பிஸ்டன் உச்சிக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். டீகம்ப்ரசர் லிவரைப் பிடித்து ஒரு இழை கீழே இறக்குங்கள். விடுங்கள். கிக்கரை மேலே வரவிட்டு, உடம்பின் எடை முழுவதையும் ஒரே மிதியில் கொடுங்கள். அவசரப்பட்டால் கணுக்காலில் திருப்பி அடிக்கும். மாட்டிடம் மடியைத் தடவிச் சுரப்புக்குக் காத்திருக்கிற பொறுமைதான் இங்கேயும்.  இரண்டும் எனக்கு ஒரே மாதிரிதான் பாடம் சொன்னது.

உடுப்பு

கோடையில் 39 டிகிரி வெயிலில் கறுப்பு ரைடிங் ஜாக்கெட் போட்டுக்கொண்டு கவுந்தப்பாடி ரோட்டில் போனால், போகிறவர்கள் வண்டியை நிறுத்தி, ‘தம்பி, காச்சலா?’ என்று கேட்கிறார்கள். இரண்டு வருடம் போட்டேன். பிறகு மக்காச்சோளக் காட்டில் மயில் தொல்லை அதிகமானபோது, அப்பா அதை ஒரு குச்சியில் மாட்டி நட்டுவிட்டார். மயிலுக்குப் பழகிவிட்டது. எனக்குத்தான் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் யாரோ என்னைப் பார்ப்பதுபோல இருக்கும்.

ஹெல்மெட் விஷயத்தில் விளையாட்டு வேண்டாம். தலை ஒன்றுதான், அபராதமும் 1,000 ரூபாய். ஆனால் அதைக் கவிழ்த்து வைக்கப் பழகுங்கள். மல்லாக்க வைத்தால் கோழி ஏறி உட்கார்ந்துவிடும். ஒருநாள் அவசரத்தில் எடுத்துத் தலையில் மாட்டியபோது உள்ளே முட்டை இருந்தது. அம்மா வந்து என்னை ஒன்றும் கேட்கவில்லை. “ஐயோ, அடை வைக்கலாம்னு இருந்தனே” என்றார்.

என் கொள்ளில் நான்

விவசாயியும் வண்டிக்காரனும் ஒரே உடம்பில் இருப்பதில் உள்ள சங்கடத்துக்கு ஒரு உதாரணம் மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறேன். தார்ரோட்டில் கொள்ளுச் செடியைப் பரப்பிப் போட்டால், போகிற வருகிற பஸ்ஸும் லாரியும் கூலி வாங்காமல் அடித்துக் கொடுத்துவிடும். நாங்கள் காலம் காலமாகச் செய்வதுதான். வண்டி ஓட்டுகிறவனுக்கு அதுவே யமன். மேலே தட்டு, அடியில் உதிர்ந்து கிடக்கும் கொள்ளு. பிரேக்கைத் தொட்டால் பேரிங் மேல் நிற்பதுபோலச் சறுக்கும். வருகிற வழியெல்லாம் ‘எவன்டா ரோட்டுல காயப்போட்டவன்’ என்று திட்டிக்கொண்டே வந்து, எங்கள் இட்டேரி திருப்பத்தில் விழுந்தேன். அங்கே காயப்போட்டவன் நான். யாரிடம் போய்ச் சண்டை போடுவது? எழுந்து, முட்டியில் ஒட்டியிருந்த கொள்ளை உதறி, சிந்தியதைக் கூட்டி அள்ளினேன். ஒருபடி தேறியது.

லடாக் போக வேண்டுமா? சினை ஊசியிலிருந்து தொடங்குங்கள்

புல்லட் வைத்திருப்பவன் எவனும் வாழ்நாளில் ஒருமுறையாவது லடாக் போக வேண்டும் என்று எங்கோ விதி எழுதியிருக்கிறது. கர்துங் லா கணவாயில் 18,380 அடி என்று பலகை வைத்திருந்தார்கள். அளந்து பார்த்தவர்கள் 17,582 தான் என்கிறார்கள். வீட்டில் நாம் பார்க்கும்போது திக்காக இருக்கிற பால், சொசைட்டி சீட்டில் கொழுப்புச் சத்துக் குறைந்து வருவதில்லையா, அந்த மாதிரி. இருந்தாலும் போக வேண்டும்.

இங்கிருந்து லே மூவாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டருக்குப் பக்கம் வரும். போய் வர மூன்று வாரம். ரொம்பக் கெட்டிக்காரனாக இருந்தால் பதினெட்டு நாள். இதற்கு காம்பஸ் உதவாது. மாட்டைத்தான் சரிக்கட்ட வேண்டும். நிதானமாகப் படியுங்கள், இந்த வழிகாட்டியிலேயே அறிவியல் உள்ள பகுதி இதுதான்.

சினை மாட்டைக் கன்று போடுவதற்கு முன் அறுபது நாள் வற்றவிட வேண்டும். அந்த இரண்டு மாதமும் பால் பீச்சும் வேலை கிடையாது. தீனி போடுவதை, தண்ணீர் காட்டுவதை யார் வேண்டுமானாலும் செய்யலாம். ஆக, இரண்டு மாடும் ஒரே சமயத்தில் வற்றினால் கயிறு அவிழ்ந்தது. எப்போது வற்ற வேண்டும்? மணாலியிலிருந்து லே போகும் பாதை பனி விலகித் திறந்திருப்பது கோடையிலும் மழைக்காலத்திலும்தான். ஜூலை, ஆகஸ்ட் என்று வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் செப்டம்பர் தொடக்கத்தில் கன்று. சினைக் காலம் ஏறத்தாழ 280 நாள். பின்னோக்கி எண்ணினால் நவம்பர் கடைசி வாரம் ஊசி. கார்த்திகையில் ஊசி, ஆவணியில் கன்று, ஆடியில் லடாக். பாட்டுப் போல இருக்கிறதா? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அந்த நவம்பரில் நான் மாட்டின் பின்னாலேயே திரிந்தேன். பருவத்துக்கு வந்த மாடு கத்தும், தீனி தின்னாது, கண்ணாடி போல ஒழுக்கு இருக்கும். காலையில் கத்தினால் அன்று சாயந்திரம் ஊசி. சாயந்திரம் கத்தினால் மறுநாள் காலை. இரண்டு மாட்டில் செவலை சொன்னபடி கேட்டது. நவம்பர் 25ஆம் தேதி ஊசி. ஒரே ஊசியில் நின்றுவிட்டது. கருப்பியும் அதே வாரம் கத்தியது, அதே வாரம் ஊசி. நான் அன்றைக்கே பனியில் போடுகிற கையுறைக்கு விலை விசாரித்தேன்.

இருபத்தொன்றாம் நாள் கருப்பி மறுபடி கத்தியது. நிற்கவில்லை. இன்னொரு ஊசி. அதற்கும் இருபத்தொரு நாள் கழித்து, ஜனவரி முதல் வாரத்தில் மறுபடி கத்தியது. மூன்றாவது ஊசியில்தான் நின்றது. சரி, நாற்பத்திரண்டு நாள் வித்தியாசம். காலண்டரை எடுத்து உட்கார்ந்தேன். செவலை வற்றுவது ஜூலை 3. கன்று செப்டம்பர் 1. கருப்பி வற்றுவது ஆகஸ்ட் 14. இரண்டு மாடும் ஒருசேர வற்றியிருப்பது ஆகஸ்ட் 14 முதல் செப்டம்பர் 1 வரை. பதினெட்டு நாள். நான் கேட்டது அதுதான். கடவுள் இருக்கிறார் என்று வீட்டுக்காரியிடம் சொன்னேன்.

“ஆகஸ்ட் பதினஞ்சுங்களா?” என்றாள் அவள்.

நாடு முழுக்கக் கொடியைக் கட்டிக்கொண்டு புல்லட்டுகள் கிளம்புகிற நாள் அது. எங்களுக்கு அது பவானிசாகரிலிருந்து கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் திறக்கிற நாள். இருநூறு கிலோமீட்டர் வாய்க்கால், 2,07,000 ஏக்கர் பாசனம்; அதை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு முதலில் நெல்லுக்கு, மறு பாதிக்குத் தை மாதவாக்கில் கடலை, எள்ளு மாதிரிப் புஞ்சைப் பயிருக்கு என்று முறைவைத்து விடுகிறார்கள். அந்த வருடம் நெல் முறை எங்கள் பக்கத்துக்கு. தண்ணீர் வந்து மடை திறக்கும்போது நாற்றங்கால் போட ஆள் வேண்டும், ராத்திரி முறை வந்தால் மம்முட்டியோடு மடையில் நிற்க வேண்டும். அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?

செப்டம்பர் 1ஆம் தேதி சொன்ன நாளில் செவலை கிடாரிக் கன்று போட்டது. பிள்ளை அதற்கு லடாக் என்று பெயர் வைத்துவிட்டான். இப்போது தினமும் காலையில் லடாக்குக்குப் போய் வருகிறேன், தண்ணீர் காட்ட.

இரண்டையும் ஒன்றாக்கிவிட்டால்?

வண்டி ஒரு பக்கம், பண்ணையம் ஒரு பக்கம் என்று இழுபடாமல் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டால் என்ன என்று யோசிப்பவர்களுக்கு முன்னோடிகள் உண்டு. என் அப்பாவே ஒருவர். அவர் வைத்திருந்தது டீசல் புல்லட். தண்ணீர் இறைக்கும் இஞ்சின் ஜாதியைச் சேர்ந்த 325 சிசி டீசல் இஞ்சின், ஆறரைக் குதிரைத் திறன். அதிகபட்ச வேகம் மணிக்கு 65 கிலோமீட்டர். அந்த வேகத்தில் போனால் இறங்கிய பிறகும் கை நடுங்கிக்கொண்டிருக்கும். ஆனால் லிட்டருக்கு எழுபதுக்கு மேல் கொடுக்கும். இரண்டு பக்கமும் பால் கேன், மடியில் நான் என்று போவார். “வண்டின்னா அது வண்டி. நீ வெச்சிருக்கறது வைப்பாட்டி” என்பது அவர் தீர்ப்பு. 1955இல் சென்னை திருவொற்றியூரில் புல்லட்டைப் பூட்ட ஆரம்பித்ததே ராணுவம் எல்லையில் ரோந்து போகத்தான், சுற்றுலாவுக்கோ யூரியாவுக்கோ இல்லை என்று நான் பதில் சொல்வேன். “அப்பப் போய் எல்லையக் காத்துட்டு வா, மேக்கால வேலியில ஆடு நுழையுது” என்பார்.

குஜராத்தில் இன்னும் ஒரு படி மேலே போய்விட்டார்கள். அம்ரேலி மாவட்டத்தைச் சேர்ந்த மன்சுக்பாய் ஜகானி, 1994 வறட்சியில் உழவு மாட்டுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, புல்லட்டின் பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் இரண்டு சக்கரமும் கலப்பை, களைக்கொத்தி மாட்டுகிற சட்டமும் பொருத்தினார். பெயர் புல்லட் சாந்தி. தேசியப் புத்தாக்க அறக்கட்டளை அவரைக் கௌரவித்தது. அமெரிக்கக் காப்புரிமைகூடக் கிடைத்தது. முன்பக்கம் புல்லட், பின்பக்கம் உழவு. இந்தச் செய்தியை அப்பா எங்கேயோ படித்துவிட்டு, ஒரு வாரம் என் வண்டியின் பின்சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்பானர் பெட்டியை எடுத்து ஒளித்து வைத்தேன். வாசகர்களுக்கும் அதையே சொல்கிறேன்.

கடைசி உத்தி

எல்லா உத்தியும் தீர்ந்த பிறகு ஒன்று மிச்சம் இருக்கிறது: வீட்டுக்காரியையும் கூட்டிக்கொண்டு போவது. பண்ணாரி வரைக்கும் கோயில் என்று கணக்கு. அதற்கு மேல் வளைவு.

போன தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இதைச் செய்தேன். அரை மணி முன்கூட்டியே பீச்ச உட்கார்ந்ததில் ஐந்தரைக்கெல்லாம் வேலை முடிந்தது. கேனை அப்பா எக்ஸெல்லில் வாங்கிக்கொண்டார். வாசலிலேயே உதைத்தேன், பதினான்கு வருடத்தில் முதல்முறை. பனியில் சத்தி தாண்டி, பண்ணாரியில் கும்பிட்டுவிட்டு, செக்போஸ்ட்டில் காத்திருந்து ஏறினோம். ராத்திரிப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு இருப்பதால் காலையில் லாரிகள் வரிசை கட்டியிருந்தன. ஒவ்வொரு வளைவிலும் பெரிய லாரி ஒன்று திரும்ப முடியாமல் முக்கிக்கொண்டிருக்கும். ஓரமாக ஒதுங்கி நின்று வழிவிட்டு ஏற வேண்டும். அதற்கும் மேலே ஆசனூர் தாண்டிக் காரப்பள்ளம் வரை போனால், கரும்பு லாரிக்காக ரோட்டில் காத்திருக்கும் யானைகளைப் பார்க்கலாம். யானைக்கும் சங்கத்தில் சீட்டுப் போட்டதுபோல நேரம் தவறாது. நாங்கள் அவ்வளவு தூரம் போகவில்லை.

திம்பத்தில் டீ வாங்கிக்கொண்டு ஓரமாக நின்றோம். கீழே ஏறி வந்த ரோடு துண்டு துண்டாகத் தெரிந்தது. அவள் சேலைத் தலைப்பைக் காதைச் சுற்றிக் கட்டியிருந்தாள்.

“நல்லாத்தான் இருக்குதுங்க மாமா” என்றாள். “இதுக்குத்தான் வருசத்துல இத்தன நாள் வர்றீங்களா?”

“அதென்ன இத்தன நாள்? ஏதாவது வேலையா வந்தா...”

“உங்க வண்டி போன வருசம் நாலாயிரம் கிலோமீட்டரு ஓடியிருக்குது. மீட்டரு பாத்தனுங்க. என்ற எக்ஸெல்லு எட்டாயிரம். சொசைட்டி, பள்ளிக்கூடம், தட்டுக்கட்டு, ரேசன் கடை. ஒருநாளும் நான் எதுக்குப் போறன்னு யாரும் கேக்கல.”

நான் டீயைக் குடித்தேன்.

“இன்னொண்ணு கேக்கணும்னே இருந்தனுங்க. ஆறு தடவ மோட்டாருக்கு பெல்ட்டு வாங்கப் போனீங்க. நம்ம போர்ல இருக்கறது தண்ணிக்குள்ள முங்கியிருக்கற மோட்டாருங்க. அதுல பெல்ட்டு எங்கீங்க இருக்குது?”

இந்தக் கேள்விக்குப் பதில் எந்த வழிகாட்டியிலும் இல்லை. லாரி ஒன்று ஏர்பிரேக் அடித்துத் திரும்பியது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“சரி, கெளம்புங்க, மணி பத்தாவப் போகுது” என்று அவளே நகர்ந்தாள். “சத்தியில கட பத்து மணிக்குத் தொறந்துருவான். தட்டு வெட்டற மிசினுக்கு பெல்ட்டு அந்து ரெண்டு மாசமாச்சு. தெனமும் அருவாள்லதான் நறுக்கிட்டு இருக்கறேன். மெய்யாலுமே பெல்ட்டு வேணும்ங்கறப்ப ஒருத்தரும் வாங்கிட்டு வரக் காணோம்.”

வண்டியைத் திருப்பி, கிக்கரை மிதித்தேன். ஆம்மீட்டர் ஊசி நடுவுக்கு வந்தது. எந்த சைஸ் என்று கேட்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து தோளைப் பிடித்துக்கொண்டாள்.

“பி அறுவத்திரெண்டுங்க.”